பிழையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்: கணினி அறிவியலைக் கையால் செய்து கற்பிப்பது எப்படி?

8-ஆம் வகுப்பில் 40 பிள்ளைகள், ஓடுகிற நிலையில் 10 கணினிகள், வாரம் இரண்டு பாடவேளை. விளையாட்டு என்றால் ஓடிவருகிறவர்கள் புரோகிராம் என்றதும் சோர்ந்துவிடுகிறார்கள். செய்முறையாகக் கற்பித்து இவர்களுக்கு ஆர்வம் வரவைப்பது எப்படி என்பது கேள்வி.

மின்னும் விளக்கும் ஓடும் ரோபோவும் முதல் நாள் வியக்கவைக்கும்; இரண்டாவது வாரத்தில் அந்த வியப்பு தீர்ந்துவிடும். தான் செய்த ஒன்று தான் நினைத்தபடி நடக்காமல் போய், ஏன் என்று தேடி, காரணத்தைப் பிடித்து, திருத்தி ஓட்டிக் காட்டிய பிள்ளை மட்டும் அடுத்த வகுப்புக்குத் தானாகவே வரும். அதனால் ஒவ்வொரு பாடத்தையும் இப்படி அமைக்கப் பாருங்கள்: முதல் 20 நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று ஓட வேண்டும். பிறகு அது கண்ணுக்குத் தெரியும்படி தவறாக நடக்க வேண்டும். காரணத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். கீழே சொல்பவை எல்லாம் இந்த மூன்றுக்காகத் தேர்ந்தவை.

தொடங்கும்முன் சிலவற்றைத் தள்ளிவையுங்கள். கணினியின் ஐந்து தலைமுறைகள், உள்ளீட்டுச் சாதனங்களின் பட்டியல், கரும்பலகையில் உள்ள நிரலை நோட்டில் எழுதி அப்படியே தட்டச்சு செய்வது, இவை எதுவும் முதல் இரண்டு மாதம் வேண்டாம். ‘ஐடி வேலை, நல்ல சம்பளம்’ என்ற பேச்சும் வேண்டாம். 13 வயதுக்கு அது வெகு தூரத்துச் செய்தி. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 11-ஆம் வகுப்பில் சி++, 12-ஆம் வகுப்பில் பைத்தான் முறையாக வருகின்றன. அதற்குள் இவர்களிடம் இருக்க வேண்டியது மொழியின் இலக்கணம் அல்ல, பிழையைக் கண்டு அஞ்சாத பழக்கம்.

முதல் பாடவேளையில் கணினியைத் தொடவே வேண்டாம், 36 அட்டைகள் போதும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய கூட்டாளிகளும் 1990-களிலிருந்து வளர்த்த ‘கணினி இல்லாமல் கணினி அறிவியல்’ முறையில் இது புகழ்பெற்ற வித்தை. ஒரு சார்ட் தாளை 9 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 42 அட்டைகள் கிடைக்கும். 36 போக மிச்சம் உதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் பெரிய வட்டம் வரையுங்கள். மார்க்கரில் வரைந்தால் மெல்லிய தாளில் மறுபக்கம் ஊறித் தெரியும், கிரேயான் நல்லது.

ஒரு பிள்ளையை அழைத்து, 25 அட்டைகளை 5 வரிசை, 5 நெடுக்கையாக விருப்பப்படி வைக்கச் சொல்லுங்கள். ‘இது ரொம்ப சுலபம், இன்னும் கொஞ்சம் கடினமாக்குகிறேன்’ என்று சொல்லியபடி ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஆறாவது அட்டையை வையுங்கள். அந்த வரிசையில் வட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி வைக்க வேண்டும். பிறகு கீழே ஆறாவது வரிசை; நெடுக்கைகளுக்கும் அதே விதி. திரும்பி நின்றுகொண்டு, யாராவது ஒருவரை ஓர் அட்டையை மட்டும் புரட்டச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்ததும் எந்த வரிசையில், எந்த நெடுக்கையில் ஒற்றைப்படை வந்திருக்கிறது என்று எண்ணினால் போதும். இரண்டும் சந்திக்கும் அட்டைதான் புரட்டப்பட்டது. ஆறாவது வரிசையும் ஆறாவது நெடுக்கையும் சந்திக்கும் மூலை அட்டையை எண்ணிப் பார்க்காமல் வைத்துவிட்டால் வித்தை உடையும்; வகுப்புக்கு முன் தனியாகச் சில முறை செய்து பாருங்கள். வட்டமே இல்லாத வரிசையும் இரட்டைப்படைதான், ஏனென்றால் பூச்சியம் இரட்டைப்படை. பிள்ளைகள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுவே.

விடையைச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று முறை செய்தபின் யாராவது ‘நீங்க வச்ச அட்டையிலதான் ஏதோ இருக்கு’ என்பார்கள். அங்கிருந்து அவர்களே போகட்டும். கண்டுபிடித்தபின் வித்தையை உடைக்கச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் இரண்டு அட்டையைப் புரட்டினால், தவறு நடந்தது தெரியும், எந்த வரிசை என்று தெரியாது. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளையும் புரட்டினால் எதுவுமே தெரியாது. இந்த ஓட்டையைத் தானே கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நான் சொல்லும் ஆர்வம் அதுதான்.

இதை அங்கேயே விட்டுவிட்டால் வெறும் வித்தையாக நின்றுவிடும். அடுத்த நாள் பிஸ்கட், சோப்பு உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்திய நிறுவனங்களின் பார்கோடு பெரும்பாலும் 890 என்று தொடங்கும், மொத்தம் 13 இலக்கம். கடைசி இலக்கம், நீங்கள் வைத்த ஆறாவது அட்டை போல, பிழையைப் பிடிப்பதற்காகச் சேர்த்தது. இடமிருந்து 1, 3, 5 என ஒற்றை இடங்களில் உள்ள இலக்கங்களை அப்படியே கூட்டுங்கள். 2, 4, 6 என இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் சேர்த்தால் 10-இன் மடங்கு வர வேண்டும். 8901234567890 என்ற மாதிரி எண்ணில் ஒற்றை இடங்களின் கூட்டுத்தொகை 28, இரட்டை இடங்களின் கூட்டுத்தொகை 34, அதன் மும்மடங்கு 102. மொத்தம் 130, சரி. ஓர் இலக்கத்தை மாற்றினால் உடனே பிடிபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் 5 என்றால், அதாவது 1-உம் 6-உம், 2-உம் 7-உம் இடம் மாறினால், பிடிபடாது. அப்படி ஓர் உறையைத் தேடிக் கொண்டுவருவது நல்ல வீட்டுப்பாடம்.

மூன்றாவது செயல்பாட்டுக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. 5-க்கு 5 கட்டத்தில் ‘ப’ எழுதச் சொல்லுங்கள். நிரப்பிய கட்டம் 1, வெறும் கட்டம் 0. முதல் நான்கு வரிசையும் 10001, கடைசி வரிசை 11111. ‘ட’ இன்னும் எளிது. இப்போது இருவரை முதுகோடு முதுகாக உட்காரவைத்து, ஒருவர் 25 எண்களையும் இடைவிடாமல் சொல்ல, மற்றவர் நிரப்பட்டும். சொல்கிறவர் ஓர் எண்ணை விழுங்கிவிட்டால் அதற்குப் பின்னுள்ள படம் முழுவதும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். ‘ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் நிறுத்திச் சொல்லலாமா?’ என்று பிள்ளைகளே கேட்பார்கள். கணினிகள் தரவைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்புவதற்கான காரணங்களில் ஒன்று அங்கேயே வந்துவிட்டது. வரிசை முடிவில், 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி ஆறாவதாக ஒரு பிட்டைச் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கத்தை) சேர்த்தால் முதல் நாள் வித்தை இங்கே பயன்படும். ‘ம’ எழுதப் போனால் 5 கட்டத்தில் ‘ப’விலிருந்து பிரித்துக் காட்டுவது கடினம்; ‘ஞ’வுக்கு இடமே போதாது. எத்தனை கட்டம் வேண்டும், அதற்கு எத்தனை பிட் ஆகும் என்பதை அவர்களே கணக்கிடட்டும்.

இப்படிக் கணினி இல்லாத வேலை கைவசம் இருந்தால் 10 கணினிகள் என்ற சிக்கலும் பாதி தீர்ந்துவிடும். 20 பேர் கணினியில், இருவருக்கு ஒன்று. மீதி 20 பேர் தரையில் தாளோடு. அடுத்த பாடவேளையில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு கணினிக்கு மூன்று பேர் வேண்டாம். மூன்றாவது பிள்ளை ஐந்து நிமிடத்தில் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பிக்கும்.

இருவரில் ஒருவர் கையில் மவுஸ், மற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவர். 7 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றுங்கள், மணி இல்லாமல் மாறவே மாட்டார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையோடு பின்தங்கிய பிள்ளையைச் சேர்ப்பது நம் வழக்கம். இங்கே அது வேலைக்காகாது. முதல் பிள்ளையே எல்லாவற்றையும் செய்துவிடும், மற்றது தலையாட்டும். ஏறக்குறைய ஒரே வேகமுள்ளவர்களைச் சேருங்கள். ஆண்பிள்ளைகள் மவுஸைப் பிடுங்கிக்கொள்வதையும் பெண்பிள்ளைகள் குறிப்பெழுதும் வேலைக்கு ஒதுங்குவதையும் முதல் நாளே கவனித்து நிறுத்துங்கள். ஒரு மாதம் அப்படியே போனால், ‘இது எனக்கு வராது’ என்ற எண்ணம் அந்தப் பெண்பிள்ளைகளிடம் உறைந்துவிடும்.

கணினியில் முதல் வேலையாக ஸ்கிராட்சில் வடிவங்கள் வரையவிடுவதையே பரிந்துரைப்பேன். கட்டளைத் துண்டுகளைத் திரையில் இழுத்து அடுக்கி நிரல் எழுதவிடும் இது, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட மென்பொருள். இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும் பதிப்பு உண்டு. ‘ஆமை’ என்று பெயரிட்ட ஒன்றைக் கட்டளையால் நடக்கவிட்டுக் கோடு வரையும் எண்ணம் இன்னும் பழையது. 1967-இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபியூர்ஸீக், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கிய லோகோ மொழியோடு வளர்ந்தது அது.

பேனா கட்டளைகள் முதலில் திரையில் இருக்காது. இடது கீழ் மூலையில் உள்ள நீட்சிப் பொத்தானை அழுத்திச் சேர்க்க வேண்டும். ஸ்கிராட்ச் திரையில் நம் கட்டளைப்படி நகர்வது ஒரு பூனை; அதன் அளவை 20 ஆகக் குறைத்தால்தான் கோடு தெரியும். 100 அடி நகர், 90 டிகிரி திரும்பு, 4 முறை, சதுரம் வந்துவிடும். இது 10 நிமிட வேலை. அடுத்து சமபக்க முக்கோணம் கேளுங்கள். கணக்குப் பாடத்தில் ஒவ்வொரு கோணமும் 60 என்று படித்திருக்கிறார்கள், அதனால் அநேகமாக எல்லோரும் 60 போட்டு 3 முறை ஓட்டுவார்கள். மூடாத ஒரு வளைவு வரும். உதவிக்குப் போகாதீர்கள். யாராவது நிரலை ஓட்டும் பச்சைக் கொடியை இன்னொரு முறை அழுத்துவார்கள், அப்போது அறுகோணம் முழுமையாகிவிடும்! இது என்ன என்று கூச்சல் எழும்.

அப்போது வெளியே அழைத்துப்போய்த் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முக்கோணம் வரைந்து, அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது? 60 அல்ல, 120. திரும்புகிற அளவு வெளிக்கோணம். ஒரு சுற்று சுற்றி வந்தால் மொத்தம் 360, பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விடை. ஐந்து முனை நட்சத்திரத்துக்கு 144 வரும். ஏன் 72 இல்லை என்பதையும் நடந்தே கண்டுபிடிப்பார்கள், இரண்டு சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது.

முதல் ஓட்டத்தில் சரியாக வந்தது, இரண்டாவது ஓட்டத்தில் வேறு எங்கோ, வேறு சாய்வில் வருகிறதே என்பது இங்கே எப்போதும் எழும் புகார். பூனை சென்ற முறை நின்ற இடத்திலிருந்து, பார்த்த திசையிலிருந்து தொடங்குகிறது. பேனாவைத் தூக்கு, நடுவே போ, திசை 90, எல்லாவற்றையும் அழி, பேனாவை இறக்கு: இந்த ஐந்தும் தொடக்கத்தில் வேண்டும். பேனாவைத் தூக்காமல் நடுவே போனால் குறுக்கே ஒரு வேண்டாத கோடு விழும். கணினி பழைய நிலையை நினைவில் வைத்திருக்கிறது என்ற பெரிய கருத்தை இதைவிட நன்றாக விளக்கும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. மாறிகளுக்கு, அதாவது நிரல் மதிப்புகளை வைத்துக்கொள்ளும் இடங்களுக்கு, பெயர் வைக்கும்போது ‘பக்கம்’, ‘கோணம்’ என்று தமிழிலேயே வைக்கலாம், ஸ்கிராட்ச் ஏற்றுக்கொள்ளும்.

புதிய நிரல் எதையும் ஓட்டும்முன் ‘என்ன நடக்கும்?’ என்பதை ஒரு வரியில் நோட்டில் எழுதவைக்க வேண்டும். முன்கூட்டிச் சொல், ஓட்டு, ஆராய், மாற்று, புதிதாய்ச் செய் என்ற ஐந்து படி வரிசையைச் சூ சென்டன்ஸ் என்ற ஆய்வாளர் வகுத்திருக்கிறார். முதல் படியை விட்டுவிட்டால் மற்ற நான்கும் வலுவிழக்கும். எழுதிவைத்த ஊகம் பொய்க்கும்போதுதான் பிள்ளை நிரலைத் திரும்பப் படிக்கும்.

ஆசிரியருக்கு ஒரே கட்டுப்பாடு: பிள்ளையின் மவுஸைத் தொடாதீர்கள். நேரமில்லை, பத்துப் பேர் கையைத் தூக்கி நிற்கிறார்கள், நாம் இரண்டு கிளிக் செய்தால் முடிந்துவிடும். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டு கிளிக்கில் பிழை நம்முடையதாகி, வெற்றியும் நம்முடையதாகிவிடுகிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். ‘என்ன நடக்கணும்னு நெனச்சே?’ ‘இப்ப என்ன நடக்குது?’ ‘எந்த அடி வரைக்கும் சரியா நடக்குது?’ மூன்றாவதற்குப் பதில் சொல்லும்போதே பாதிப் பேர் ‘சார், தெரிஞ்சிடுச்சு’ என்று திரும்பிவிடுவார்கள். கையைத் தூக்கும்முன் பக்கத்து இரண்டு ஜோடிகளைக் கேட்டிருக்க வேண்டும் என்ற விதியும் வையுங்கள்.

ஆறேழு வாரம் கழித்து நிஜப் பொருளுக்குப் போகலாம். நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான மைக்ரோபிட் இந்த வயதுக்கு மிகவும் பொருத்தம். பிபிசியின் முயற்சியில் 2016-இல் பிரிட்டனில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குச் சுமார் 10 லட்சம் பலகைகள் இலவசமாகத் தரப்பட்டன. 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான், அசைவு உணரி. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிபெருக்கியும் மைக்கும் உண்டு. நோட்டில் நிரப்பிய ‘ப’வும் ‘ட’வும் அந்த 25 விளக்குகளில் அப்படியே எரியும். ஐந்து பலகை இருந்தால் போதும். நிரலை மேக்கோடு என்ற இலவச மென்பொருளில் எழுதினால் திரையிலேயே ஒரு மாதிரிப் பலகை ஓடும், சரியாக வந்தபின் நிஜப் பலகைக்கு ஏற்றலாம். பள்ளியில் மத்திய அரசுத் திட்டத்தின் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் ஆர்டுயினோ என்ற இதேபோன்ற பலகை இருக்கும், அதுவும் சரிதான். ஆனால் மலிவு நகல் பலகைகள் பலவற்றுக்கு சிஎச்340 என்ற சில்லுக்கான டிரைவரை (அதைக் கணினி அடையாளம் காண உதவும் மென்பொருளை) முன்னதாகவே கணினியில் நிறுவ வேண்டும், இல்லையேல் பலகை தெரியாது.

பலகைகளோடு வரும் சிறு தொல்லைகளுக்குத் தயாராக இருங்கள். கணினியில் மைக்ரோபிட் தெரியவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது யூஎஸ்பி கேபிளை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவுக் கம்பிகளே இருக்காது, விளக்கு எரியும், வேறொன்றும் நடக்காது. மைக்ரோபிட் என்ற டிரைவுக்குப் பதில் மெயின்டனன்ஸ் என்று வந்தால், ரீசெட் பொத்தானை அழுத்தியபடி செருகியிருக்கிறார்கள். கழற்றி, பொத்தானைத் தொடாமல் மீண்டும் செருகினால் போதும். ஸ்டீல் மேசையிலோ சாப்பாட்டு டப்பா மேலோ பலகையை வைக்கவிடாதீர்கள், அடிப்பக்கம் ஷார்ட் ஆகும்.

முதல் வேலை பகடை: பலகையைக் குலுக்கினால் 1 முதல் 6-க்குள் ஓர் எண். மேக்கோடில் அந்தக் கட்டளை 0 முதல் 10 என்று வரும். பிள்ளைகள் 10-ஐ 6 ஆக்கிவிட்டு 0-வை மறந்துவிடுவார்கள். நீங்கள் சொல்ல வேண்டாம். 60 முறை குலுக்கி ஒவ்வொரு எண்ணும் எத்தனை முறை வந்தது என்று கோடு போடச் சொல்லுங்கள், பூச்சியம் தானே வெளியே வரும். அடுத்து காலில் கட்டும் அடி எண்ணி. 50 அடி வாயால் எண்ணி நடந்து, பலகை காட்டும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் எண்ணிக்கை பூச்சியமாகிவிடும், நிரல் மட்டும் அப்படியே இருக்கும். நிரந்தர நினைவகம், தற்காலிக நினைவகம் என்ற பாடத்தை அன்று நடத்துங்கள்.

மண் ஈரம் பார்க்கும் கருவி இதைவிட ஆழமானது, இரண்டு மூன்று வாரம் கொடுக்கத் தகுந்தது. இரண்டு அங்குல இரும்பு ஆணி இரண்டு, க்ரோக்கடைல் கிளிப் கம்பிகள், ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), ஒரு தொட்டி மண். ஆணிகளை 3 செ.மீ. இடைவெளியில் குத்துங்கள். ஓர் ஆணி பலகையின் 1 என்ற துளைக்கும், மற்றொன்று 0 என்ற துளைக்கும் போகட்டும். 0-க்கும் தரைமுனைக்கும் (GND என்ற துளை) இடையே ரெசிஸ்டர். 1-ஆம் துளைக்கு மின்சாரம் கொடு, 0-இல் அளவைப் படி, மின்சாரத்தை நிறுத்து, அளவைக் காட்டு, ஒரு நிமிடம் காத்திரு. 0 முதல் 1023-க்குள் ஓர் எண் வரும். ஈரம் கூடினால் எண்ணும் கூடும்.

ரெசிஸ்டரை விட்டுவிட்டால், ஆணி மண்ணில் இல்லாதபோதும் எண் தாறுமாறாக அலையும். எங்கும் இணையாத முனை காற்றில் உள்ள மின் இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டால் நேர்முனை ஆணி சில நாளில் அரித்துவிடும். ஒரு ஜோடி ஆணியை அப்படியே விட்டு, வாரக் கடைசியில் இரண்டு ஆணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும், வேதியியல் ஆசிரியரும் வந்து பேசலாம். ‘எந்த எண்ணுக்குக் கீழே போனால் தண்ணீர் ஊற்று என்று காட்டுவது?’ என்பதற்கு இணையத்தில் உள்ள எண்ணைத் தராதீர்கள். கரிசல் மண்ணும் மணலும் ஒரே எண்ணைக் காட்டாது. காய்ந்த மண்ணில் ஓர் அளவு, நன்றாக நனைத்தபின் ஓர் அளவு, நடுவில் ஓர் எல்லை என்று அவர்களே முடிவுசெய்யட்டும்.

எல்லைக்கு அருகில் எண் ஏறி இறங்கும்போது எச்சரிக்கை வந்து வந்து போகும். இதைத் தீர்க்க இரண்டு எல்லை வேண்டும்: 400-க்குக் கீழே போனால் எச்சரிக்கை தொடங்கு, 500-க்கு மேலே போனால்தான் நிறுத்து, என்பதுபோல. ஃபிரிட்ஜின் மோட்டார் அடிக்கடி நின்று ஓடாமல் இருப்பது இதே ஏற்பாட்டால்தான். இதைச் சொல்லாமல் விட்டால், இரண்டு வாரத்தில் ஏதாவது ஒரு ஜோடிப் பிள்ளைகள் தானாகவே இந்தத் தீர்வுக்கு வந்து சேருவார்கள். அதற்குரிய பொறுமை உங்களுக்கு வேண்டும்.

இதற்குப் பிறகு அவரவர் சொந்த வேலை. வீட்டு மோட்டாரை நிறுத்த மறந்து மேல்தொட்டி வழிவது பலரும் எடுத்துக்கொண்டு வரும் பிரச்சினை. நல்ல தேர்வு, ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: 230 வோல்ட் பக்கம் எந்தப் பிள்ளையும் போகக் கூடாது. வாளியில் தண்ணீர் ஏறினால் அலாரம் அடிக்கும் மாதிரி போதும், மோட்டாரை நிறுத்துவது வீட்டுப் பெரியவர் கை. ‘ஸ்மார்ட் கிராமம்’ என்று அட்டையில் பெரிய மாதிரி செய்து வர ஆசைப்படுகிறவர்களிடம், அதில் ஒரே ஒரு பகுதியை மட்டும் உண்மையாக ஓடவைக்கச் சொல்லுங்கள். கண்காட்சிக்காக ஆசிரியரும் பெற்றோரும் இரவெல்லாம் உட்கார்ந்து முடித்துத் தரும் மாதிரிகளால் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை.

மதிப்பெண் போட வேண்டியிருந்தால் முடிந்த பொருளைப் பார்த்துப் போடாதீர்கள், இணையத்திலிருந்து எடுத்ததா என்று தெரியாது. பிள்ளையை அருகில் உட்காரவைத்து ஒரு சிறு மாற்றம் கேளுங்கள்: ‘பகடையில் 6 விழுந்தா ரெண்டு தடவை மின்னணும்’, ‘எச்சரிக்கை ராத்திரியில வரக் கூடாது’. 10 நிமிடம் கொடுங்கள். மாற்றம் முழுவதும் ஓட வேண்டும் என்பதில்லை, எங்கே கை வைக்க வேண்டும் என்று சரியான இடத்தைக் காட்டினாலே பாதி மதிப்பெண். மீதியைப் பிழைக் குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். அதில் ஒவ்வொரு வகுப்பிலும் நினைத்தது, நடந்தது, காரணம், திருத்தம் என்று நான்கு வரி இருக்க வேண்டும். காரணம் என்ற வரி காலியாக இருந்தால் அடுத்த வகுப்பில் அந்த ஜோடியிடம்தான் முதலில் போய் நில்லுங்கள்.